வைத்திலிங்கத்தின் பெயரில் ஓர் அறை

பேய் என்று ஒன்று இருந்தால் அது எந்த இலாகாவின் கீழ் வரும் என்று கேட்டுச் சிரித்தவன் நான். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் கோப்பு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். முத்திரை இல்லாத எதையும் நம்பியதில்லை. இதைக் கேட்டுவிட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் தம்பி சாமிநாதன் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். அவன் போன அன்று எங்கள் அப்பா வைத்திலிங்கம், "இனி என் வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அப்பா கோலாலம்பூர் ரயில் பாதையில் தண்டவாளக் கூலி. பக்கத்திலிருக்கும் கிள்ளானைத் தாண்டி எங்கும் போனதில்லை. மகனைப் பார்க்காமலேயே இறந்தும் போனார். பதினோரு வருஷம் கழித்து லிஸ்பனில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. இருமல் நெஞ்சைத் தின்றுவிட்டது, ஒருமுறை வந்து முகம் காட்டு அண்ணே என்று எழுதியிருந்தான்.

அன்றே பயணத் திட்டம் போட ஆரம்பித்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக் கூடத்தில் லிஸ்பன் வரைபடத்தை விரித்து வைத்தேன். கடலைப் பார்த்தபடி அடுக்கடுக்காக மலைகள், மலைமேல் பழைய கோட்டை, படிக்கட்டுகளையே தெருவாக வைத்திருக்கும் ஜனங்கள். துறைமுகத்திலிருந்து எந்த டிராம் ஏறுவது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எந்த விடுதி என்று சிவப்பு மையில் குறித்தேன். கப்பல் ஏஜென்ட் விடுதிக்கும் எழுதி ஓர் அறை பிடித்துக் கொடுத்தார்.

பாஸ்போர்ட்டு ஏஜென்ட் மூலமாகக் கைக்கு வந்தபோதுதான் பார்த்தேன், அதில் என் பெயர் 'மிஸ்டர் வைத்திலிங்கம்'. அதைப் பார்த்துத்தான் ஏஜென்ட்டும் விடுதிக்கு எழுதியிருக்கிறார். நேரே பாஸ்போர்ட்டு ஆபீசுக்குப் போனேன்.

"வெள்ளக்காரன் குடும்பப் பேரு கேக்குறான்லா சார். நமக்கு ஏது அதெல்லாம்? அப்பா பேரப் போட்டுட்டேன்" என்றார் குமாஸ்தா.

"எங்கப்பா செத்து பதினோரு வருஷமாச்சு. அவருக்கு எதுக்கய்யா பாஸ்போர்ட்டு? எங்க போகப்போறாரு?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டில் என் மனைவி மீனாட்சி சிரிக்கவில்லை. "ஊரான் பேரையா போட்டுட்டான்? உங்க அப்பா பேருதானே. பேசாம கப்பல் ஏறுங்க. அங்க உங்க தம்பி உயிரக் கையில புடிச்சிக்கிட்டு கெடக்காரு."

"தப்பான பேர்ல போறதுக்கு நான் என்ன கள்ளத்தோணியா?"

"நீங்களும் உங்க சட்டமும்!" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

திருத்தம் கேட்டு மனு போட்டேன். அது மேசை மேசையாக ஏறி இறங்கி வருவதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம். இந்தக் களேபரத்தில் விடுதி அறையை ரத்து செய்ய மறந்துவிட்டேன். என் உத்தியோகத்தில்கூட அப்படி ஒரு காகிதம் விட்டுப்போனதில்லை.

திருத்திய பாஸ்போர்ட்டு வந்த வாரமே தந்தியும் வந்தது. சாமிநாதன் இறந்துவிட்டான். மீனாட்சி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சில வாரங்கள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், தபால்காரர் ஓர் உறையைத் தந்துவிட்டுப் போனார். விடுதிக்காரி எழுதியது. சுமாரான ஆங்கிலம், ஆனால் விஷயம் தெளிவு. 'மிஸ்டர் வைத்திலிங்கம் குறித்த நாளில் வந்து சேர்ந்தார். இந்த வயதில் வெறுங்காலோடு எங்கள் மலைப்படிகளை ஏறியது ஆச்சரியம். ஆஸ்பத்திரியின் பெயரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. மூன்று நாளும் காலையில் அங்கே போய் மாலையில் திரும்பினார். கடைசி நாள் காலையில் மகனான உங்களையும் அவரோடு எங்கள் விடுதி வாசலில் கண்டதில் மகிழ்ச்சி. ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த இருமல் உங்களுக்கு முழுக்க நின்றுவிட்டதே!'

எனக்கு இருமலே கிடையாது.

அவள் சொன்ன கடைசி நாளைத் தந்தியோடு ஒத்துப் பார்த்தேன். தம்பி இறந்த அதே காலை. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், நம்புங்கள். ஆனால் உறைக்குள் இன்னொரு தாள் இருந்தது. வெளியூர்க்காரர்கள் தங்கினால் போலீசுக்குக் கொடுக்கும் படிவத்தின் பிரதி. கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை. குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. தண்டவாளம் நழுவி விழுந்து அப்பாவுக்கு ஏற்பட்டது. அலமாரியிலிருந்த அவர் ரேகை வைத்த வேலை விடுவிப்புச் சீட்டை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, கோடு கோடாக ஒப்பிட்டேன். ஆபீசில் செய்து பழகிய வேலை அது. இரண்டும் ஒரே விரல்.

அதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். படிவத்தின் அடியில் இருந்த மூன்று கட்டங்களைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. வந்தவர்: ஒருவர். புறப்பட்டவர்: இருவர். அடுத்துப் போகும் இடம்: கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், என் வீட்டு விலாசம்.

அங்கிருந்து இங்கே வர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. ஆனாலும் விளக்கு வைத்ததும் மீனாட்சி வாசல் கதவைச் சாத்தப் போனால், "கொஞ்சம் இருக்கட்டும்" என்கிறேன். அவள் வாசற்படியை ஒருமுறை கூட்டிவிட்டு உள்ளே வருகிறாள்.