பெட்ஷீட்டக்கா வளர்த்த மதியப் பேய்

எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போயிருக்கிறது, எந்தத் தலையணை உறையில் மருந்துக் கறை என்பதெல்லாம் பெட்ஷீட்டக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஆஸ்பத்திரியின் துணியறை இருபத்திரண்டு வருடமாக அவள் பொறுப்பு. விரிப்பு விஷயத்தில் அவள் வாயில் பொய்யே வராது. பேய் விஷயத்தில்தான் மெய் வராது.

மதியம் சாப்பிட்டதும் கம்பளி அடுக்கின் மேல் அரை மணி நேரம் கண்ணயர்வது அக்காவின் வழக்கம். அந்த நேரம் பார்த்துத்தான் நர்சுகள் கதவைத் தட்டுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் ஒரு கதையை எடுத்துவிட்டாள்: "ரெண்டு மணி வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்கம்மா. ஆளில்லாத நேரத்துல உள்ள யாரோ துணி மடிக்கிற சத்தம் கேக்குது."

அன்றிலிருந்து பேய் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. நர்சுகளிடம் அது காய்ச்சலில் செத்த நர்சு. ஆயாக்களிடம் கிழட்டு டாக்டர். ஒருநாள் ஒரு நர்சு மடக்கினாள்:

"போன வாரம் ஒத்தக்கால்னு சொன்னீங்களேக்கா? இன்னைக்குக் காலே இல்லங்கறீங்க?"

"எனக்கென்ன பைத்தியமாடி, பேயோட காலை எண்ணிக்கிட்டு நிக்க?"

பேச்சு நிர்வாக அதிகாரியின் காது வரை போனது. துணியறையைப் பூட்டி, அக்காவைச் சலவைப் பகுதிக்கு மாற்ற உத்தரவு தயாரானது. அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் முழங்கால்களோ மாடிப்படியைப் பார்த்தாலே அழும் ரகம்.

அக்கா ஹெட் சிஸ்டரிடம் ஓடினாள். "சிஸ்டர், பேயும் இல்ல, பிசாசும் இல்ல. தூங்கறதுக்காக நான் கட்டிவிட்ட கதை!"

"பாவம்க்கா நீங்க. அந்தப் பேய்தான் உங்கள இப்படிப் பேச வைக்குது."

"ஐயோ, எம் புள்ள மேல சத்தியம்!"

"பேயைப் பாத்தேன்னு சொன்னப்பவும் அதே புள்ள மேலதானே சத்தியம் பண்ணீங்க?"

அக்கா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்களே வந்து உக்காந்து பாத்துட்டு, அதிகாரிகிட்டச் சொல்லுங்க."

மறுநாள் ஒரு மணிக்கு ஹெட் சிஸ்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா வெளியே முக்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி ஆயிற்று. சத்தமில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. கூப்பிட்டும் பதிலில்லை. தான் பெற்ற பேய்க்குத் தானே பயந்து, அக்கா கதவைத் தள்ளினாள்.

கம்பளி அடுக்கின் மேல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஹெட் சிஸ்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வார்டை ஒற்றை ஆளாகப் பார்க்கிற உடம்பு. அக்கா ஒரு விரிப்பை உதறிப் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் நிர்வாக அதிகாரியின் அறையில் ஹெட் சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பூட்டிடாதீங்க சார். பூட்டினா அது வார்டுக்கு வந்துடும். அக்காவ அது ஒண்ணும் செய்யறதில்ல, அவங்களே அங்க இருக்கட்டும். மதியம் மட்டும் துணைக்கு நான் போய் உக்காந்துக்கறேன்."

"நெஜமாவே பாத்தீங்களா?"

"ரெண்டு கண்ணாலயும்."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைப் பயபக்தியாக வைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர் பொய் சொல்ல மாட்டாங்க சார்."