சோப்பு மணக்கும் பிஸ்கட்

படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஈரோட்டில் மூன்று மளிகைக் கடைகளை ஒற்றை ஆளாக நின்று உண்டாக்கினேன். பொட்டலம் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

உக்ரைனில் போர் தொடங்கிய வருடம் அமெரிக்காவில், ஐசலின் ஊரில் மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் யூதர்களின் கோயில். போருக்குத் தப்பி ஓடிவந்த யூதக் குடும்பங்களுக்கு அங்கே பெட்டி கட்டி அனுப்பினார்கள். ஞாயிறுதோறும் உதவப் போகும் மருமகள் என்னையும் கூட்டிப்போனாள். இங்கிலீஷ் தெரியாத எனக்கு அங்கே கிடைத்த முதல் வேலை அதுதான்.

முதல் நாளே பார்த்துவிட்டேன். மாவு, டீத்தூள், பிஸ்கட், அதன் தலைமேலேயே சோப்பு. மளிகைக்காரன் எவனும் செய்யாத காரியம். எல்லோரும் காபி குடிக்கப் போன நேரத்தில், ஒட்டி வைத்திருந்த நாற்பது பெட்டிகளையும் பிரித்துக் கொட்டினேன்.

திரும்பி வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான்கு மணிக்கு வேன் வரும். தவறினால் அடுத்த வாரம்தான். மருமகள் முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? வேன் மிஸ் ஆச்சுன்னா இனி நம்மள உள்ளயே சேத்திக்க மாட்டாங்க."

நான் முதல் பெட்டியை அடுக்க ஆரம்பித்தேன். அங்கே எல்லோருக்கும் மூத்தவர், எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா. அவர் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தார். நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு, சோப்புகளைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நான் கையைக் காட்டக் காட்ட, அவர்கள் அடுக்கினார்கள். நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பெட்டியை ஒட்டினேன்.

வேன் போனபின் அந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். மருமகள் தமிழில் சொன்னாள். அந்தக் காலத்துப் பெரிய போரில் அவர் அகதிக் குழந்தையாம். முகாமுக்கு இப்படித்தான் பெட்டி வருமாம்.

"பிஸ்கட்டெல்லாம் சோப்பு நாத்தம் அடிக்குமாம் மாமா. பசில அதையும் தின்னாங்களாம். அப்ப நீங்க எங்க போயிருந்தீங்கன்னு கேக்கறாங்க."

"அப்ப நான் பொறக்கவே இல்லைன்னு சொல்லும்மா."

இரண்டு வருடம் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. போன வருடம் அவர் மகளோடு ஃப்ளோரிடா போய்விட்டார். போகும்முன் என்னிடம் ஒன்று கேட்டார்: அந்த முகாமுக்கு வந்த மாதிரி ஒரு பொட்டலம்.

பிஸ்கட்டையும் சோப்பையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். ஐம்பது வருடத்தில் நான் தெரிந்தே தப்பாகக் கட்டிய பொட்டலம் அது ஒன்றுதான். அதிலும் முடிச்சு மட்டும் என் முடிச்சு.