அட்டையின் முதல் வரி

செவ்வாய்க்கிழமை எங்கள் சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளிகளைப் பார்க்கும் நாள். அன்று வரிசை வாசல் வேப்பமரம் வரை போயிருந்தது. மேசைமேல் செல்போன் அதிர்ந்தது. எங்கள் நர்ஸ் செல்வராணி சிஸ்டரின் கணவர். "முடிஞ்சிச்சு மேடம்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு அடுத்தவரை வரச் சொன்னேன். வரிசை தீரும்வரை மருந்து எழுதினேன். மறுநாள் அந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தேன், எதிலும் ஒரு தவறும் இல்லை. என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. பாகூர் பக்கத்திலும் வில்லியனூரிலும் சிஸ்டரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் இறுதிச் சடங்கில் என்னைப் பார்த்தீர்கள். கல் மாதிரி நின்றேன் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான், அப்படித்தான் நின்றேன்.

நான் மாற்றலாகி இந்த நிலையத்துக்கு வந்தபோது சிஸ்டர் ஏற்கெனவே இங்கே பழையவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. அதில் சர்க்கரை, எடை, பிரஷர் என்று கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்களுக்கெல்லாம் மேலே, யாரும் கேட்காத இடத்தில், சிஸ்டர் பென்சிலால் ஒரு வரி எழுதுவார். நோயாளியின் எதிரே உட்கார்ந்து, "ஒடம்பு நல்லாயிட்டா மொதல்ல இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்பார். வரும் பதில்தான் அந்த வரி. கேட்டவர்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். இன்னொரு நர்ஸ் கேட்டிருந்தால் பென்சிலை அவரிடம் நீட்டிவிடுவார்.

முதல் மாதம் அந்த வரிகளைப் படித்து நான் சிரித்திருக்கிறேன். கரியமாணிக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் அட்டையில், 'பேத்தி கல்யாணத்தில் ஒரு கரண்டி பாயசம்' என்று இருந்தது. "இது என்ன சிஸ்டர், பரிசோதனை முடிவா?" என்று கேலி செய்தேன். "ஆமா மேடம், ஊசி குத்தாம எடுத்தது" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் கிண்டல் செய்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின.

மணப்பட்டு ஏழுமலையை உங்களில் பலருக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவர். அவருடைய சர்க்கரையை நான் நன்றாகக் கட்டுப்படுத்தியிருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சிஸ்டர் ஒருநாள் அவருடைய அட்டையை என் முன்னால் வைத்தார். முதல் வரியில் 'பயப்படாமல் படகு ஏற வேண்டும்' என்று இருந்தது. விசாரித்தால், மனிதர் விடிவதற்கு முன் நான் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கடலுக்குப் போகிறார். கரை திரும்பித்தான் சாப்பாடு. நடுக்கடலில் கை நடுங்கி, கண் இருட்டி, இரண்டு முறை விழப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க நல்லாருக்குன்னீங்க, அதான்" என்றார். மருந்தை மாற்றி, சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியது. அவர் படகு ஏறினார்.

அந்த ஏற்றத்துக்கு ஆய்வுக் கூட்டத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து சிஸ்டர் எழுந்தார். "அவரு இப்ப தைரியமா படகு ஏறுறாரு சார். அத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு சொன்னீங்கன்னா எழுதிடறோம்" என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது.

பிறகு காற்று எங்கள் பக்கம் வீசியது. நோயாளியை மையமாக வைத்த சிகிச்சை, எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு அவர்களுக்கு என்ன பலன் கிடைத்தது என்று அளப்பது என்றெல்லாம் பயிற்சி வகுப்புகள் வந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதைத்தானே நாம் செய்கிறோம் என்று சிஸ்டரின் கேள்வியைப் படிவமாக அச்சடித்து வரிசையில் நிற்பவர்களிடம் கொடுத்தேன். நேரம் மிச்சமாகும் என்று கணக்கு. எல்லாப் படிவமும் 'உடம்பு நல்லாகணும்' என்றே திரும்பி வந்தது. ஒருவர் மட்டும் 'டாக்டர் இஷ்டம்' என்று எழுதியிருந்தார். சிஸ்டர் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவங்களா சொல்ல மாட்டாங்க மேடம். எதிர்ல குந்தி கேட்டாதான் சொல்லுவாங்க" என்றார். மீதிப் படிவங்களைக் கிழித்து, அந்தத் துண்டுகளில் வெகுநாள் வரிசை டோக்கன் எழுதிக் கொடுத்தார்.

அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்ததும் நான் ஓடினேன். ஸ்கேன், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை, எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரின் யோசனை, ஒன்றையும் விடவில்லை. கீமோ சுற்றுகளுக்கு நடுவே ரத்தப் பரிசோதனைக்கு அவர் எங்கள் நிலையத்துக்கே வந்தார். அவருக்கும் ஒரு மஞ்சள் அட்டை போட்டோம்.

கடைசியாக வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். வரிசையில் நின்று, முறை வந்ததும் என் எதிரே நோயாளிகளின் ஸ்டூலில் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்த அணுக்கள் தேறியிருந்தன. அடுத்த சுற்றை உடம்பு தாங்கும் என்றேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அவர் எழுந்திருக்கவில்லை.

"வேற எதுனா கேக்கணுமா மேடம்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்றேன்.

தலையாட்டிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். அடுத்த சுற்றின் பாதியில் படுக்கையில் விழுந்தவர், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவருடைய கணவரிடம் கேட்டேன். வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாத மனிதர். சிஸ்டர் கடைசியில் எதற்காவது ஆசைப்பட்டாரா என்றேன். "தெரியல மேடம். அவளா எதுவும் சொல்ல மாட்டா, கேட்டா சொல்லுவா. ஒங்ககிட்ட எதுனா சொல்லியிருப்பான்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலமாரியிலிருந்து அவருடைய அட்டையை எடுத்தேன். கட்டங்கள் எல்லாம் என் கையெழுத்தில் ஒழுங்காக நிரம்பியிருந்தன. மேலே ஒன்றும் இல்லை.

அவருடைய பென்சில் இப்போது என்னிடம் இருக்கிறது. கட்டங்களைப் பார்ப்பதற்கு முன் கேட்கிறேன், கேட்டதை எழுதுகிறேன். வரிசை மெதுவாகத்தான் நகர்கிறது. அந்த அட்டையையும் நான் வைத்துக்கொண்டேன். பெயரும் எழுதாத முதல் வரியும் மட்டும் தெரியும்படி மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் ஏழுமலை வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், சிஸ்டர் அட்டைல மேல ஒண்ணும் எழுதலியா?" என்றார்.

நான் அவரிடம் கேட்கவில்லை என்றேன்.