திங்கட்கிழமையே புறப்பட்ட பை

என் தங்கைக்குக் குவைத்தில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. விமானம் புதன்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு. பொகவந்தலாவையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு மலைப்பாதையில் ஆறு மணி நேரம் பிடிக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே நிற்க வேண்டும். ஆகவே செவ்வாய் இரவு எட்டு மணிக்குள் வண்டியில் ஏறியாக வேண்டும். அந்நாட்டினுள் நுழைவதற்கான அனுமதி அந்தப் புதன்கிழமையோடு காலாவதியாகிவிடும். அதைத் தவறவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்று முகவர் இருமுறை சொல்லியிருந்தார்.

அம்மாவோ செவ்வாய்க்கிழமை எவரையும் நெடுவழி அனுப்பியவர் அல்லர். நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, அன்று வடக்கே சூலம் என்று அச்சிட்டிருந்த இடத்தை விரலால் அழுத்திக் காட்டினார்.

“பிளேன் ஓட்டுறவனுக்கு செவ்வா, வெள்ளியெல்லாம் தெரியாதும்மா” என்றாள் தங்கை.

“அவனுக்குத் தெரியாட்டிப் போகுது. ஒனக்குத் தெரியுமுல்ல.”

இதற்கு எங்கள் மக்களிடம் ஒரு மாற்று உண்டு, பரஸ்தானம் என்பார்கள். புறப்படும் நாள் பொருந்தாவிட்டால், பொருந்திய முந்தைய நாளொன்றில் பயணப் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை போனால் ஆளும் போனதாகவே கணக்கு. பழங்கால வேந்தர்கள் படையெடுப்புக்கு நாள் அமையாதபோது குடையையும் வாளையும் முன்னதாகப் பெயர்த்து வைத்த வழக்கத்தின் எச்சம் இது என்று நான் படித்திருக்கிறேன். எச்சமாயினும் அதன் விதி கண்டிப்பானது: வெளியே போன பை மீண்டும் இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புறப்பாடு முறிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை, நல்ல நேரத்தில், தங்கை அம்மாவின் காலில் விழுந்து எழுந்தாள். விபூதி பூசிக்கொண்டு பையைத் தூக்கினாள். திரும்பிப் பாராமல் நடந்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். நாங்கள் அத்தை என்று அழைக்கும், தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீடு அது. வெறுந்துணி மட்டும் போனால் அது புறப்பாடே ஆகாது என்று அம்மா சொல்லியதால், கடவுச்சீட்டும் விமானச்சீட்டும் அந்தப் பைக்குள்ளேயே போயின. பக்கத்து வீடுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துத் தங்கை பின்வாசல் வழியாக வந்து தேநீர் கேட்டாள். அம்மா ஊற்றிக் கொடுத்தார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கணத்திலிருந்து எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று இடம் மாறியது. பகல் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டுகளே வைக்கப்பட்டன.

“எனக்குப் பசிக்காதா? போனவ பட்டினி கெடக்கணும்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கா?” என்று தங்கை சிரித்தாள்.

அம்மா மூன்றாவது தட்டை எடுத்துத் தந்தார். மறதியால் விட்டவரின் முகம் அல்ல அது. அந்தி வேளையில் விளக்கேற்றிக் கண்ணை மூடி, “போன எடத்துல புள்ள நல்லா இருக்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும்” என்று வேண்டிக்கொண்டார். நான்கடி தொலைவில் அமர்ந்து தங்கை தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

“நான் இங்கதாம்மா இருக்கேன்.”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஓர் இயல்பு உண்டு. பத்து வீடுகளும் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக இருப்பவை. இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. சுவருக்கு மேலே முழங்கை உயர இடைவெளி. அடுத்த வீட்டுப் புகையும் தாளிப்பும் சண்டையும் அதன் வழியே நம் வீட்டுக்கு வந்துவிடும். அன்றிரவு அந்த இடைவெளி வழியாக ஓர் இருமல் கேட்டது. இரண்டு சிற்றிருமல், ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. தங்கையின் இருமல் அப்படித்தான் இருக்கும். அவள் என் அருகில் போர்வைக்குள் விழித்துக் கிடந்தாள்.

“அத்தைக்கும் ஒட்டிருச்சு போல” என்றாள் மெதுவாக.

காலையில் குழாயடியில் அத்தை என்னைக் கேட்டார்: “என்னா டீச்சர், தங்கச்சிக்கு இருமல் விடலயா? ராவெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நல்லாத் தூங்கட்டும்னுதான் பாய விரிச்சு வச்சேன்.”

“அவ எங்க வீட்டுலதானே அத்தே படுத்திருந்தா? சத்தம் சுவத்துக்கு மேலால வந்திருக்கும்.”

“ஆமா, மேலாலதான் வந்திருக்கும்” என்று அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டார். என் வகுப்புப் பிள்ளைகள் விளங்காத பாடத்துக்குத் தலையாட்டுவது போல இருந்தது அந்த ஒப்புதல்.

செவ்வாய் மாலை ஏழு மணிக்குப் பனிமூட்டம் வாசல்வரை வந்துவிட்டது. பையை எடுக்கப் போன தங்கை வெறுங்கையோடு திரும்பினாள்.

“அக்கா, அத்தை வீடு பூட்டிக் கெடக்கு.”

பூட்டு கனமானது. ஆறாவது வீட்டுக்காரர் செய்தி சொன்னார்: பூண்டுலோயாவில் அத்தையின் அண்ணன் இறந்துவிட்டாராம், நண்பகலில் ஆள் வந்து சொல்ல, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார், நான் பள்ளிக்கூடத்தில், தங்கை கடைவீதியில். கைப்பேசியில் அழைத்தேன். அணைக்கப்பட்டிருந்தது. சாவு வீட்டில் யார்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ஏழரைக்கு வேன் வந்து மேல்ரோட்டில் ஒலியெழுப்பியது. ஓட்டுநர் கீழே இறங்கிவந்து பூட்டை ஆட்டிப் பார்த்தார்.

“சுத்தியல் இருந்தா ரெண்டே தட்டுல முடிஞ்சிரும் டீச்சர்.”

“எழவுக்குப் போனவ வீட்டுப் பூட்ட ஒடைக்கிறதா? ஒடைச்சு எடுத்த பையத் தூக்கிக்கிட்டு எம்புள்ள எங்க போயி விளங்குறது?” என்றார் அம்மா.

“அப்ப பிளேன நிப்பாட்டி வைக்கச் சொல்லுங்க.”

சுவருக்கு மேலுள்ள இடைவெளி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. தங்கைதான் முதலில் சுவரோரம் இருந்த துணிப்பெட்டியின்மேல் ஏறினாள். போனவள் ஏறக் கூடாது என்று அம்மா அவள் கையைப் பிடித்து இறக்கினார். நானே ஏறினேன். அந்தப் பக்கம் போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து நீக்கி, பையை அவ்வழியே வெளியே கொடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக்குள் அது நுழையாது. பிறகு கதவைத் தாழிட்டு, வந்த வழியே நான் திரும்ப வேண்டும். தங்கையைப் பின்புறம் போய் நிற்கச் சொன்னேன்.

சுவரின் உச்சியில் பல ஆண்டுக் கரி படிந்திருந்தது. அந்தப் பக்கம் இறங்கியதும் கைப்பேசி விளக்கை எரியவிட்டேன். அத்தையின் வீட்டில் எதுவும் கலைந்திருக்கவில்லை. உள்ளறையில் பை. அதையொட்டி ஒரு பாய், ஒரு தலையணை, தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர். தலையணையின் நடுவில் தலை வைத்த பள்ளம். செம்பில் பாதித் தண்ணீரே இருந்தது. அவசரத்தில் அத்தையே குடித்திருப்பார். பையைத் தூக்கக் குனிந்தபோது என் புறங்கை தலையணையில் பட்டது. தரை பனிக்கட்டி போல் இருந்தது. தலையணை அவ்வளவு குளிரவில்லை. பஞ்சு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன். பையைத் திறந்து பார்த்தேன். கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் இருந்தன.

பின்கதவைத் திறந்தேன். பனிமூட்டத்தில் தங்கை நின்றிருந்தாள். இடுப்புக்குக் கீழே அவள் தெரியவில்லை. படியை மிதிக்காமல் இரு கைகளையும் நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், எங்கள் வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. இரண்டு சிற்றிருமல், ஓர் இடைவெளி, பிறகு ஒன்று.

தங்கை என்னைப் பார்த்தாள். “யாரு அக்கா?”

“அம்மா. பனி ஒத்துக்கல. நீ போ, வேனுல ஏறு.”

கதவைத் தாழிட்டேன். விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஏற முடிந்தது. இரு கைகளும் தேவைப்பட்டன. ஏறி, எங்கள் பக்கம் இறங்கியபோது வீட்டில் ஒருவரும் இல்லை. வாசற்கதவு வெளியிலிருந்து சாத்தியிருந்தது. மேல்ரோட்டில் அம்மா ஓட்டுநரோடு நின்றுகொண்டிருந்தார்.

“எப்பம்மா மேல வந்தீங்க?”

“நீ சொவத்துல ஏறுனப்பவே வந்துட்டேன். வண்டிக்காரரு போயிரக் கூடாதுல்ல.”

தங்கையோடு நானும் வண்டியில் ஏறியபோது எட்டே முக்கால் ஆகிவிட்டது. அம்மா வேனின் கண்ணாடியைத் தொட்டார்; உள்ளே இருந்தவளைப் பார்க்கவில்லை. விடைபெறுதல் திங்கட்கிழமையே முடிந்துவிட்டிருந்தது.

ஹட்டன்வரை ஓட்டுநர் தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டித்தான் ஓட்டினார். தங்கை பையை மடியில் வைத்து அணைத்திருந்தாள்.

“அண்ணே, ரெண்டு மணிக்கு அங்க இருப்பமா?”

“இந்தப் பனியிலயா? ரோட்டக் கண்டாப் போதும் தாயி. ரெண்டு மணிய அப்புறமாப் பாப்போம்.”

கினிகத்தேனைக்கு அப்பால் பனி விலகிற்று. வேகம் கூடியது. ஆனாலும் ஒவ்வொரு ஊரின் கடிகாரத்தையும் நான் வெறுத்தேன். தங்கை என் பக்கம் சாய்ந்து, ஓட்டுநருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: “அம்மா சேலை முந்தானைய நான் மேல்ரோட்டுல பாத்தேன் அக்கா. நீ கதவத் தொறக்குறதுக்கு முன்னாலயே.”

பொய்க்கு மேல் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுநாயக்காவை அடைந்தபோது மூன்று மணிக்குச் சற்று முன். அவள் ஓடினாள். வாயிற்காவலர் கடவுச்சீட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் தன் பெயரைச் சொன்னாள். இன்னொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவர் கையசைத்து உள்ளே விட்டார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

நாற்பது நிமிடங்கள் கழித்து அழைத்தாள்.

“எல்லாம் முடிஞ்சிருச்சு அக்கா. கடைசி ஆளு நான்தான். சீட்டக் குடுத்துட்டாங்க.”

“பக்கத்துல யாரும் தமிழ் ஆளுங்க இருக்காங்களா?”

“ஒரு அக்கா இருக்காங்க. ஊரு எறம்பொடையாம். பிஸ்கட் குடுத்தாங்க.”

குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைத் திங்கட்கிழமைப் பகலுக்குப் பிறகு நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழைப்பு அறுந்தது. ஓட்டுநர் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார்.

“ஏறிருச்சா டீச்சர்?”

“ஏறப் போறா.”

“அப்ப கெளம்புவமா? அம்மா தனியா இருப்பாங்க.”

சுவருக்கு அப்பால் அந்த இருமலைக் கேட்காமல் இருந்திருந்தால், தனியாகத்தான் இருப்பார் என்று நான் அவரிடம் உறுதியாகச் சொல்லியிருப்பேன். தேநீரை வாங்கிக் குடித்தேன். சீனி அதிகம்.