வாராத வாழ்வு வந்தது: கப்பலின் பால்கனி அறையில் என் வீட்டுக்காரர் தூங்கிய கதை

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பீமன் அருவி, படவேடு, திருவண்ணாமலை, ஏலகிரி என்று நான் எழுதிய எல்லாப் பயணமும் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும் பயணம்தான். "ஏன்க்கா, ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. தங்க மாட்டேன் என்று நானா சொன்னேன்? என் வீட்டுக்காரர் தங்க விட்டால்தானே!

அவர் பெயர் அண்ணாமலை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் சாமைக் கொல்லையும் புளிய மரங்களும் உண்டு. நான் மாவு மில் வைத்திருக்கிறேன். சாமை முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிக்குக் காவலாகக் கொல்லைப் பரணில் படுத்துப் படுத்து, அவருக்கு முகத்தில் காற்று அடித்தால்தான் கண் மூடும். வீட்டிலும் முன்கதவு பின்கதவு இரண்டும் திறந்தே கிடக்கும். ஒரு தடவை ஏற்காட்டுக்குப் போனோம். லாட்ஜ் கதவைச் சாத்தியதும் மனிதர் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து, பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஏரியைக்கூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்திருப்பேன். ஆனால் எங்கள் ஒரே மகள் செல்வி துபாயில் இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் முறை. அவளுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் தாய்வீடுதான் அவளிடம் போக வேண்டும். "அப்பாவும் வரணும்" என்று அவள் கெஞ்சினாள். இவரோ, "நீ போய்ட்டு வாமே. அந்த ரெக்க வெச்ச டப்பாவுல கதவ மூடிட்டா நான் செத்தேன்" என்று ஒரே பிடியாக நின்றார். பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் வைத்ததோடு சரி. தீபாவளிக்குப் பிறகு செல்வி கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் கேட்டுக் கேட்டு அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கேட்காமல் விட்டாளே, அதுதான் வலித்தது.

அப்போதுதான் சென்னையிலிருந்து புதிதாக ஒரு சொகுசுக் கப்பல் கிளம்புகிறது என்று பார்த்தேன். இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும். உள்நாட்டுப் பயணம், ஆதார் அட்டை போதும். எனக்கு மின்னல் வெட்டியதுபோல் ஒரு யோசனை வந்தது. மூடிய அறையில் தூங்க இவரைப் பழக்க வேண்டும், பாதியில் இறங்கி ஓடவும் வழி இருக்கக்கூடாது. நடுக்கடலுக்குப் போளூர் பஸ் வராது! (கப்பல் கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள். எனக்கு யாரும் விளம்பரக் காசு தரவில்லை.)

ஜன்னல் இல்லாத உள் அறை இருவருக்கும் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம். பால்கனி அறை வரியோடு எழுபத்திரண்டாயிரம். ஜன்னல் இல்லாத அறையில் இவரைப் போட்டால் கொலைக்கேசு ஆகிவிடும் என்று பால்கனி அறையையே பிடித்தேன். என்னைக் கஞ்சம் என்று சொல்லும் என் தம்பி இதைப் படிக்கட்டும்.

பொங்கல் முடிந்த மறுவாரம் கிளம்பினோம். சாமை வீடு வந்துவிட்டது, புளி உலுக்க இன்னும் நாள் இருந்தது. காலை ஆறு மணிக்கு ஜமுனாமரத்தூரில் பஸ். போளூர் வரை நாற்பது கிலோமீட்டர் சொச்சம், வளைவுகளில் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். போளூரிலிருந்து சென்னைக்கு நேர் பஸ், நான்கரை மணி நேரம். கோயம்பேட்டில் சாப்பிட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஆட்டோ. ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார். "மலையிலேர்ந்து போளூர் வரைக்குமே இவ்ளோ ஆவலயேப்பா" என்று இவர் சண்டைக்குப் போக, இருநூற்றெண்பதுக்கு வந்தது. துறைமுகத்தில் பையைச் சோதித்து, அறைச் சாவியாக ஒரு அட்டை கொடுத்து, அறைக்குப் போகும்போது மணி நான்கரை.

அறையைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள், சொல்கிறேன். அளவில் எங்கள் மில்லில் பாதிகூட இல்லை. ஆனால் அதை அமைத்தவன் கெட்டிக்காரன்! கட்டிலுக்கடியில் இரண்டு பெரிய பெட்டி உள்ளே போகிறது. அலமாரித் தட்டுகளின் ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு, கப்பல் ஆடினாலும் சாமான் விழாது. மேசை முனை, கட்டில் முனை எல்லாம் மழுங்கடித்திருக்கிறார்கள், இருட்டில் எழுந்தாலும் முட்டி பெயராது. சுவர் உள்ளே தகடு என்பதால் காந்தம் ஒட்டுகிறது, பிரிட்ஜில் ஒட்டும் கொக்கி நான்கைந்து எடுத்துப் போங்கள். கழிவறை வாசலில் படி கொஞ்சம் உயரம், காலைத் தூக்கி வையுங்கள். கை பீச்சுக்குழாய் இருக்கிறதா என்று எனக்கு வாட்ஸப்பில் கேட்ட பதினோரு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இருக்கிறது, நிம்மதியாகப் போங்கள்.

இவர் உள்ளே நுழைந்ததும் பார்த்தது கதவுகளை. பால்கனிக் கண்ணாடிக் கதவை முழுக்கத் தள்ளினார். பிறகு நடைபாதைக் கதவைத் திறந்து, அது தானாகச் சாத்தாதபடி என் பெட்டியை முட்டுக்கொடுத்தார். வீட்டுப் பழக்கம்! எடுத்தது பாருங்கள் ஒரு காற்று. திரைச்சீலை கூரைக்குப் போனது, மேசைமேல் இருந்த தாள்கள் நடைபாதையில் ஓடின, ஏசி நின்றது, எதிர் அறைக்காரர் கத்தினார். அறைகளைக் கவனிக்கும் பெண் ஓடிவந்தாள். சட்டையில் ரேவதி என்று பெயர். இந்தியில் தொடங்கியவள், இவர் "இன்னாம்மா?" என்றதும் முகம் மலர்ந்து, "ஐயோ, நீங்க நம்ம பக்கமாங்க? எனக்குத் திருப்பத்தூருங்க" என்றாள்.

"மலைக்கு மேக்கால எறங்குனா திருப்பத்தூரு. நாங்க மேல, நீ கீழ" என்றார் இவர்.

"சந்தோசங்கையா. ஆனா ரெண்டு கதவையும் தொறக்காதீங்க. கடல் காத்து உள்ள பூந்து அடிச்சிட்டுப் போவும். பால்கனிக் கதவு தொறந்தா ஏசி தானா நின்னுடும்" என்று சொல்லி, பெட்டியை நகர்த்தினாள். நடைபாதைக் கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. இவர் முகம் கறுத்துவிட்டது. சரி, பால்கனிக் கதவாவது ஒரு சாண் திறந்திருக்கட்டும் என்று ஒப்பந்தம் போட்டேன். ஏசி போனால் போகிறது என்று விட்டேன்.

ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியது. இரவுச் சாப்பாட்டில் நாற்பது வகை. சாமைச் சோறு மட்டும் இல்லை. படுக்க வந்தால் புதுக் கூத்து. டிவியில் ஒரு சேனலில் கடல் வரைபடமும் அதில் அம்புக்குறியாக நம் கப்பலும் தெரியும். ரேவதி தண்ணீர் வைக்க வந்தபோது, "ஒங்க கட்டில்ல தலமாடு கப்பலோட மூக்கு பக்கங்க. அம்பு எங்க போவுதோ அங்கதான் ஒங்க தல" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகிற போக்கில் வெடி வைத்துவிட்டாள் மகராசி.

ஏனென்றால் அம்பு அப்போது கிழக்கே போனது. "கெழக்கு, நல்லதுதான்" என்று இவர் தலையணையைத் தட்டிப் படுத்தார். அரைமணி கழித்து அம்பு வளைந்து நேர் வடக்கே ஏறியது. பாம்பை மிதித்தவர்போல எழுந்துகொண்டார். "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே" என்ற பழமொழி நமக்கெல்லாம் பாலோடு ஊட்டியது. மலையில் எந்த வீட்டிலும், பரணில்கூட, வடக்கே தலைவைத்து ஒருத்தர் படுக்க மாட்டார். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினார். என்னையும் மாறச் சொன்னார்.

"வூட்ல வடக்கு ஒரே எடத்துல நிக்கும். இது இன்னாமே, நம்மள சுத்தி வருது?"

"ஏங்க, எழுபத்திரண்டாயிரம் கொடுத்தது தூங்கறதுக்குங்க" என்று சொல்லிவிட்டு நான் இருந்த இடத்திலேயே போர்வையை இழுத்துப் போர்த்தினேன். அந்த மெத்தை இருக்கிறதே, அப்படி ஒரு மெத்தை. குழையவும் இல்லை, குத்தவும் இல்லை. போர்வைக்குள் போனதுதான் தெரியும்.

காலையில் கண் விழித்தால் இவர் பால்கனி நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண் இரண்டும் மிளகாய்ப்பழம். ஒரு பொட்டுத் தூக்கமில்லை. எனக்கு வந்த ஆத்திரமும் அழுகையும் சொல்லி முடியாது. இனி துபாய் போனமாதிரிதான், பேரப்பிள்ளையை நான் மட்டும்தான் கையில் வாங்குவேன், செல்வி வாசலில் என் பின்னால் அப்பா வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். "ஒங்களுக்குப் புள்ளயவிட வடக்கு பெருசாப் போச்சா?" என்று கேட்டேவிட்டேன். அவர் துண்டை உதறிவிட்டு எழுந்தார்.

அப்படியே சாப்பிடப் போனோம். கோபத்தில் எனக்குப் பசி அதிகம். அவர் காபியை வைத்துக்கொண்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குத் திரும்பியதும் டிவி முன்னால் நின்றுவிட்டார். ராத்திரி முழுக்கக் கப்பல் போன தடத்தைக் கோடாகப் போட்டிருந்தது. வட்டத்துக்குள் வட்டமாக, பெரிய கைமுறுக்கு. கடலில் பொழுதுபோக்கத்தானே இந்தக் கப்பல், ஊர் போய்ச் சேர வேண்டிய அவசரம் ஏது? விரலை வைத்து அந்தக் கோட்டின்மேல் மெதுவாக எண்ணினார்.

"மே, நீ ராத்திரி மாறிப் படுத்தியா?"

"இல்ல. படுத்தவ படுத்தவதான்."

"அப்ப நாலு தபா ஒன் தல வடக்க போயிருக்குது. நாலு தபா! காலைல எட்டு இட்லி துன்ன. ஒண்ணும் ஆவல ஒனக்கு" என்றார்.

அடப்பாவி மனுஷா, என்னைப் பலிகொடுத்தா சோதனை பார்த்தாய் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இந்தக் கப்பலு சுத்துற சுத்துக்கு எமனுக்கே தல சுத்தும்மே. அவன் எந்தப் பக்கமா வந்து என்னப் புடிப்பான்?"

மதியம் மேல்தளத்தில் பாட்டுக் கச்சேரி இருந்தது, நான் மட்டும் போனேன். நாலு மணிக்குத் திரும்பி அட்டையை வைத்துக் கதவைத் திறந்தால், உள்ளே எங்கள் மாவு மில் ஓடுகிற சத்தம். குறட்டை! வடக்குப் பயம் விட்டதும் கதவுப் பயமும் கூடவே விட்டுப்போனதோ என்னவோ, பால்கனிக் கதவு இறுக்கிச் சாத்தியிருந்தது. ஏசி ஓடியது. திரைச்சீலையையும் இழுத்துவிட்டிருந்தார். டிவியில் அம்பைப் பார்த்தேன், நேர் வடக்கு. தலைமாட்டில் தலையை வைத்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, மூடிய அறைக்குள் என் வீட்டுக்காரர் தூங்குகிறார். ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நடைபாதைக்கு வந்து, அங்கே வந்த ரேவதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பயந்தே போனாள். அன்று இரவும் அப்படித்தான், காலையில் எழுப்பித்தான் இறக்க வேண்டியிருந்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. அறை கேட்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், ரொம்ப உயரத்தில் இல்லாத தளமாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. கட்டில் இரண்டாகப் பிரியும், சண்டை போட்ட தம்பதிகள் சொன்னால் பிரித்துப் போடுவார்கள். ஏசி குளிர் மார்கழி மலைக்குச் சமம், சால்வை எடுத்துப் போங்கள். சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம், குளிர்பானத்துக்குத் தனிக் காசு. டிவியில் அந்த அம்பு சேனல் மட்டும் வேண்டாம்.

துறைமுகத்திலிருந்து வந்த வழியே திரும்பி, மாலை ஐந்தரைக்கு ஜமுனாமரத்தூரில் இறங்கினோம். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் கன்னியம்மா, "இன்னா அண்ணாமல, எந்தூர்ல எறங்கி ஓடியாந்த?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். கடையே சிரித்தது. நான் பதில் சொல்லப் போனேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, என் செல்போனை வாங்கி அவரே செல்விக்கு அடித்தார். ஸ்பீக்கரையும் போட்டார்.

"பாப்பா, பிளேன்ல எந்தப் பக்கம் தல வெக்கறது?"

"படுக்க முடியாதுப்பா. உக்காந்துனேதான் தூங்கணும். ஏம்பா?"

"அப்பச் சரி. டிக்கெட்டு போடு."

செல்வி உடைந்த குரலில், "ரெண்டு பேருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

"பின்ன? ஒங்கம்மாவ மட்டும் அனுப்பிட்டு நான் இங்க இன்னா பண்றது?"