புளி போட்டுத் தேய்த்த கொக்கி

கொட்டாஞ்சேனையிலிருந்து அவள் கொண்டுவந்த இரும்புத் துண்டு பளபளத்தது. பார்த்தவுடனேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அது பாரந்தூக்கியின் உடைந்த கொக்கி. ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் அது உடைந்துதான் அவள் புருஷன் நசுங்கிச் செத்தான். அவன்தான் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினான் என்றது கம்பனி. கொக்கியின் மற்றப் பாதியைப் பழைய இரும்புக்கு விற்றும் விட்டது. இந்தப் பாதியை அவனோடு வேலை செய்த ஒருவன் ஒளித்து எடுத்து அவளிடம் கொடுத்திருந்தான். கொக்கியில் முன்பே வெடிப்பு இருந்ததென்று காட்டினால் பிழை கம்பனியுடையது. காட்டக்கூடியது எங்கள் ஆய்வுகூடத்து எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டி. அதை இயக்குவது நான்.

வெடிப்பு மெல்ல மெல்லத்தான் வளரும். வளர்ந்த தடம் உடைந்த முகத்தில் வரிவரியாகக் கிடக்கும், வெள்ளவத்தை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல.

"இதை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவரு ரத்தம் அப்பியிருந்திச்சி மிஸ். தீட்டோட இந்த மாதிரி எடத்துக்குக் கொண்டாரக் கூடாதில்ல. புளியும் சாம்பலும் போட்டு தேங்கா தும்பால நல்லா தேச்சேன். குத்துவிளக்கு மாதிரி வந்திருச்சி."

எங்கள் தலைவர் படம் எடுக்கச் சொன்னார். நேராக ஒன்று, துண்டைச் சற்றுச் சரித்து இன்னொன்று. இரண்டையும் கணினி சேர்த்தால், சிவப்பு நீலக் கண்ணாடி வழியே பார்க்கையில் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். நின்றன. வரி ஒன்றுகூட இல்லை. தலைவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "அருமையான படம், சுவரில மாட்டலாம்" என்றார். அந்த மனிதரின் வாயை அடைக்கக் கையில் எதுவும் அகப்படவில்லை.

முடிவு கேட்க வந்தவளுக்குத் தலைவர் தானே அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டார். அவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"மல மலயா தெரியுது சேர். இதுதான் அந்த வெடிப்புங்களா?"

"இல்லை. அது உங்கட தும்பு இழுத்த கீறல். வெடிப்பு இருந்திருந்தாலும் புளி திண்டிட்டுது. ஆனா விளக்கு மினுக்கிறதில நீங்கள் கெட்டிக்காரிதான்."

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அப்ப அவருதான் கூட ஏத்தினாருன்னு எழுதிருவாங்களா சேர்?"

"எழுதியாச்சு" என்றார் அவர், கண்ணாடிக்குக் கையை நீட்டியபடி.