ரோட்டுக்குப் பங்கு கேட்கப் போனேன்

"அந்த ரயில்வேக்காரர் பொண்ணையே போட்டுடுங்க. அதுக்குக் கோவமே வராது. யார் இன்னா சொன்னாலும் 'சரிங்க'ன்னு திரும்பி வந்துடும்."

பால் வாங்கிக்கொண்டு வரும்போது, தண்ணீர் லாரிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ரயில்வேக்காரர் என் நைனா; தினமும் அரக்கோணத்துக்கு ரயிலில் போய் வருகிறவர். பொண்ணு நான். எம்.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அன்று மாலையே எங்கள் தெருவின் ரோடு கமிட்டியில் வசூல் வேலை எனக்கு வந்தது. திருத்தணியில் மலைக்குப் பின்பக்கம் இருக்கும் எங்கள் தெரு, வெறும் மண் தெரு. தெருக்காரர்கள் ஒரு பங்கு போட்டால், மீதியை அரசாங்கம் போட்டு சிமென்ட் ரோடு அமைத்துத் தரும் என்று ஏற்பாடு.

வீடு வீடாகப் போய்ப் பொதுக் காரியத்துக்குப் பணம் கேட்கிற வேலையில் ஒரு வசதி: யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை, 'இன்றைக்கு இல்லை' என்றுதான் சொல்வார்கள். நீங்களும் ஏதாவது ஒரு கமிட்டிக்காக ஒரு கதவையாவது தட்டியிருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொன்னால் புரியும்.

நல்ல நாள்

காலையில் போனால் வீட்டில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். பாதிப் பேர் முதல் ரயிலிலேயே போயிருப்பார்கள். மாலையில் போனால் விளக்கு வைத்துவிட்டோம், இனிமேல் காசு வெளியே போகக் கூடாது என்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் பகலிலும் கூடாது. கிருத்திகை, அமாவாசை பற்றிச் சொல்லவே வேண்டாம். லட்சுமி எங்கள் தெருவில் இவ்வளவு காவலோடு இருக்கிறாள் என்பது வசூலுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆட்டோ பாபு வீட்டுக்கு ஒரு திங்கட்கிழமை மாலை போனேன். அவர் மனைவி அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் உண்மையாகவே வருத்தப்பட்டார். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, கதவு வரை வந்து வழியனுப்பினார்.

"நாளைக்கு வாம்மா. ஐயோ, நாளைக்கு செவ்வாக்கெழமை ஆச்சே! நாளைக்கு வந்து மோர் மட்டும் குடிச்சிட்டுப் போ."

ரோடு என்ன துணியா?

கமிட்டிக் கூட்டத்தில், ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்பதில் முதல் சண்டை. முனிரத்தினம் பாவா பவர்லூம் தறி ஓட்டுகிறவர். பாவா என்றால் தெலுங்கில் மச்சான்; உறவு இல்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவர் வீடு முன்பக்கம் ஒடுக்கம். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். வாசல் அகலத்தை அளந்து, அடிக்கு இவ்வளவு என்று போட வேண்டும் என்றார் அவர். மூலை வீட்டு ரிடையர்டு வாத்தியாருக்கு இரண்டு பக்கமும் தெரு. அவர் விடுவாரா?

"ரோடு இன்னா துணியாய்யா, மீட்டர் போட்டுக் கிழிக்கறதுக்கு? ரோட்ல நடக்கறது காலு. உன் வாசலா நடக்குது?" என்றார்.

"காலு கணக்குனா எங்க வூட்ல பன்னெண்டு காலு. உங்க வூட்ல நாலு. நான் கெட்டேன்" என்றார் பாவா.

கூட்டமே சிரித்துவிட்டது. கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே கணக்காக முடிந்தது. தோற்ற பாவாதான் முதல் ஆளாகப் பணத்தை எடுத்து என் கையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை என்று நான் தயங்கினேன்.

"வச்சிக்கோ பாப்பா. தறிக்கு ஏது செவ்வா, வெள்ளி? அது சத்தம் போட்டுகினேதான் கீது."

இருபது ரூபாய்

ஆட்டோ பாபுவுக்கு வேறு கஷ்டம். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்குள் வர அவர் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்பார். பள்ளம், சேறு, வண்டி கெட்டுப்போகும் என்று காரணம் சொல்வார். நாங்களும் கொடுத்துப் பழகிவிட்டோம். ரோடு வந்தால் அந்த இருபது போய்விடும் என்பதை அவர் ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார்.

"இங்க பாரு தங்கச்சி, நானே காசு குடுத்து என் வருமானத்த நானே கொறச்சிக்கணுமா? இது இன்னா நியாயம்?" என்றார். "சரிங்கண்ணா" என்று திரும்பினேன். நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஆட்டோ பின்னாலேயே வந்தது. பணத்தை நீட்டினார்.

"உன்கிட்ட சண்ட போடலாம்னு பார்த்தா ஆவ மாட்டேங்குது. இந்தா. ஆனா அந்த இருபது ரூபாய வுட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

கடைசி வீடு

தெருவின் கடைசியில் தாட்சாயணி அக்கா வீடு. தையல் வேலை செய்கிறார். ஜாக்கெட்டுக்கு இந்தப் பக்கம் அவரை விட்டால் ஆள் கிடையாது. தெரு முழுக்க அந்தப் பக்கம்தான் சரிவு. அவர் வீடு ஏற்கெனவே தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. பெரிய மழை வந்தால் வாசலில் மண் மூட்டை அடுக்குவார்.

நான் பணம் கேட்டபோது அவர் மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே கேட்டார்: "இருக்கற மண்ணு மேலயே சிமெண்ட்டக் கொட்டுவாங்களா, நோண்டிட்டுப் போடுவாங்களா?"

"தெரியலைங்கக்கா."

"மேல கொட்டினா தெரு இன்னும் ஏறும். இப்ப மண்ணு கொஞ்சம் தண்ணியக் குடிக்குது. சிமெண்ட்டு குடிக்குமா?" மிஷின் நின்றது. "எனக்கு இருக்கறது இந்த வூடும் இந்த மிஷினும்தான் கண்ணு."

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். அவர் கேட்டதை அப்படியே கேட்டேன். அரசாங்கத்திலிருந்து ரோடு அளக்க வந்திருந்தவர் நல்ல மனிதர். மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுப் போடலாம், மேற்குப் பக்கமாக ஒரு கால்வாய் விட்டால் தண்ணீர் அந்த அம்மா வீட்டைத் தாண்டிப் போய்விடும் என்றார். ஆனால் அந்தப் பக்கத்து வீடுகளின் வாசல் அடிப்படி எல்லாம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு படி உடைக்க வேண்டும். ஒரு வீடு உடைக்கவில்லை என்றாலும் கால்வாய் அங்கேயே அடைத்துக்கொள்ளும். அவ்வளவு தண்ணீரும் கடைசி வீட்டுக்குள்தான் போகும்.

இதை ஓடிப்போய்ச் சொன்னேன். தாட்சாயணி அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"காசு குடுப்பாங்க கண்ணு. படிய உடைக்கச் சொல்லிப் பாரு."

ஒற்றைப்படை

அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் வாசல் படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். மூன்று இருந்தால் ஒன்றை உடைத்ததும் இரண்டாகிவிடும். ஐந்து இருந்தால் நான்காகிவிடும். பணம் கொடுத்தவர்கள் எல்லாம் என்னைக் கண்டதும் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில், படியை உடைக்காமல் வீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ள முடியுமா என்று கேட்டார்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, செலவு எவ்வளவு ஆகும் என்றும் விசாரித்தார்கள்.

இங்கும் பாவாதான் வழி கண்டுபிடித்தார். தன் வீட்டு அடிப்படியை உடைத்துவிட்டு, மேலே ஏறி நின்று, கதவு நிலையின் அடிக்கட்டையான வாசக்காலையும் சேர்த்து எண்ணிக் காட்டினார். நாலு படி, ஒரு வாசக்கால், மொத்தம் ஐந்து. இந்தக் கணக்கு தெருவுக்குப் பிடித்துப்போனது. ஒரே வாரத்தில் மேற்குப் பக்கம் முழுக்கக் கடப்பாரைச் சத்தம். ஒரே ஒரு வீடு பாக்கி.

அது எங்கள் வீடு.

"வாசக்கால எப்படிடா படில சேத்த?" என்று நைனா பாவாவைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்டார். "மல மேல முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. ஒத்தப்படை. கோயில் வாசக்கால சேத்தா எண்ணினு கீறாங்க? ஊர ஏமாத்தலாம். முருகனுக்கு எண்ணத் தெரியாதா?"

பெண் பார்க்க வருகிறவர்கள்

நைனாவின் பிடிவாதத்துக்குக் காரணம் நான்தான். மணவூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ரெட்டைப்படை வாசலில் அவர்களை ஏற்றுவதா என்று நைனா ராத்திரியெல்லாம் புரண்டார். ரோடு போடுகிற மேஸ்திரியோ திங்கட்கிழமை காலை மண் தோண்ட வண்டி வருகிறது, படி இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றார். தெரு முழுக்க வாய் திறந்து கேட்ட எனக்கு என் வீட்டில் கேட்க வாய் வரவில்லை. சாப்பாடு போடும்போது ஒருமுறை மட்டும், "நைனா, அந்த அக்கா வீடு..." என்றேன். அவர் ரசம் கேட்டார்.

சனிக்கிழமை மதியம் தாட்சாயணி அக்காவே வந்தார். எங்கள் வாசலில் மூன்று படி; நைனா நடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நைனாவைத் தாண்டிக் கையை நீட்டி, என்னிடம் இரண்டு பொட்டலம் கொடுத்தார். ஒன்றில் அவருடைய பங்குப் பணம். இன்னொன்றில் நான் தைக்கக் கொடுத்திருந்த மாம்பழ நிற ஜாக்கெட்.

"நாளைக்கு வராங்களாமே. இது கரெக்டா இருக்கும், போட்டுக்கோ. கூலி வேணாம், என் ஆசைக்கு. பணத்த எண்ணிப் பாத்துக்கோ கண்ணு. தண்ணி வந்தா வந்துட்டுப் போவுது, நான் ஒருத்தி குடுக்கலன்ற பேரு வேணாம்."

ஞாயிறு

காலையில் அம்மா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புடவை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டு ஓடினோம். நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாவா வீட்டுக் கடப்பாரையோடு தெருவில் நின்றிருந்தார். அடிப்படி ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருந்தது.

"இன்னிக்கேவா? அவங்க வர நேரத்துலயா?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

நைனா உடைந்த கல்லைப் புரட்டி ஓரமாகத் தள்ளினார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து நின்று, மிச்சம் இருந்த இரண்டு படியையும் விரல் நீட்டி எண்ணினார். மலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிறகு கடப்பாரையை ஓங்கி, நடுப்படியையும் உடைத்தார்.